காலையில் மட்டும் வரும் 403: உள்ளூர் பேக்கேஜ் மிரரில் பர்மிஷன் சிக்கலைப் பிடிப்பது எப்படி?

நீங்கள் கேட்டதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன். கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் கணினிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக இணையத்துக்குப் போய் உபுண்டு பேக்கேஜ்களை இறக்க வேண்டாம் என்று, ஒரு சர்வரில் ஆர்சிங்க் (கோப்புகளை ஒத்திசைத்து நகலெடுக்கும் கருவி) மூலம் உள்ளூர் மிரர், அதாவது பேக்கேஜ் களஞ்சியத்தின் நகல், வைத்திருக்கிறீர்கள். என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் அதை ஆய்வகத்துக்குக் கொடுக்கிறது. சில பேக்கேஜ்களுக்கு 403, அதாவது "அனுமதி இல்லை" என்ற பிழை, வருகிறது. மொத்த ஃபோல்டருக்கும் 777 (யாரும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்ற பர்மிஷன்) போட்டால் அன்றைக்குச் சரியாகிவிடுகிறது. இரவு கிரான் (குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டைத் தானாக ஓட்டும் வசதி) ஓடி முடிந்ததும், புதிதாக வந்த பேக்கேஜ்களுக்கு மட்டும் மறுபடியும் 403. எந்த எண்ணைப் போட்டால் இது நிரந்தரமாகத் தீரும் என்று கேட்கிறீர்கள்.

எண்ணை மட்டும் கேட்டால் பதில் எளிது: ஃபோல்டர்களுக்கு 755, கோப்புகளுக்கு 644 (இரண்டிலும் எழுதுவது உரிமையாளர் மட்டும், படிப்பது எல்லோரும்). ஆனால் அதைக் கையால் போட்டாலும் நாளைக் காலை இதே இடத்தில்தான் நிற்பீர்கள். கோப்பு சர்வருக்குள் வந்து விழுகிற நேரத்தில் அதற்கு என்ன பர்மிஷன் கிடைக்கிறது, யார் பெயரில் கிடைக்கிறது என்பதைச் சரிசெய்யாதவரை, பிறகு ஓட்டும் சிஎச்மோட் (பர்மிஷனை மாற்றும் கட்டளை) எல்லாம் ஒரு நாள் வைத்தியம். பல வருடங்களாக இந்த மாதிரி மிரர்களைப் பராமரித்ததில் நான் பிடித்துக்கொண்ட வழக்கம் இதுதான்: எழுதுவது யார், படிப்பது யார், எந்தக் கோப்பில் தடுக்கிறது என்ற மூன்றுக்கும் பதில் தெரியாமல் எந்த பர்மிஷனையும் மாற்றுவதில்லை.

உங்கள் கேள்வியிலேயே நல்ல தடயம் ஒன்று இருக்கிறது. "புதிதாக வந்தவற்றுக்கு மட்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆர்சிங்க்குக்கு மைனஸ் ஏ (-a) கொடுத்தால் அதற்குள் பர்மிஷனைக் காப்பாற்றும் மைனஸ் பி-யும் (-p, நீளப் பெயர் பர்ம்ஸ்) அடங்கும். மூல சர்வரில் இருக்கும் பர்மிஷன் அப்படியே இங்கே வரும். மைனஸ் பி இல்லாமல் ஓடினால் நடத்தை வேறு. ஏற்கெனவே இருக்கும் கோப்புகள், உள்ளடக்கம் மாறினாலும், தங்கள் பழைய பர்மிஷனையே வைத்துக்கொள்ளும். புதிதாக உருவாகும் கோப்புகளுக்கு மட்டும் மூலத்தின் பர்மிஷனிலிருந்து உங்கள் பக்கத்து யூமாஸ்க் (புதுக் கோப்பில் எந்த அனுமதிகளை நீக்க வேண்டும் என்று சொல்லும் எண்) கழிக்கப்படும். யூமாஸ்க் 022 என்றால் 644 என்பது 644 ஆகவே வரும். 027 என்றால் 640. 077 என்றால் 600. கடைசி இரண்டிலும் என்ஜின்எக்ஸின் வொர்க்கர் ஓடும் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற பயனருக்குக் கோப்பைத் திறக்க வழியில்லை. பழையவை நீங்கள் போட்ட 777-லேயே இருப்பதால் வேலை செய்யும், புதியவை 403 கொடுக்கும். நீங்கள் சொல்கிற அறிகுறியோடு இது அப்படியே பொருந்துகிறது.

இந்த இடத்தில் பலரும் ஏமாறுவதற்கு ஒரு காரணம் உண்டு. உபுண்டு விக்கியில் மிரர் வைப்பவர்களுக்காகக் கொடுத்திருக்கும் இரண்டு கட்ட ஸ்கிரிப்ட் மைனஸ் ஏ-வைப் பயன்படுத்தாது. ரிகர்சிவ், டைம்ஸ், லிங்க்ஸ், ஹார்டு லிங்க்ஸ் என்று ஒவ்வொன்றாக எழுதியிருக்கும். பர்ம்ஸ் அந்த வரிசையில் இல்லை. யூமாஸ்க் 022 உள்ள சர்வரில் அதனால் ஒரு குறையும் இல்லை. பாதுகாப்பு வழிகாட்டி ஏதாவது ஒன்றைப் பின்பற்றி யூமாஸ்க்கை 027 ஆகவோ 077 ஆகவோ இறுக்கிவிட்ட சர்வரில் அதே ஸ்கிரிப்ட் தினமும் படிக்க முடியாத கோப்புகளை உருவாக்கிக்கொண்டே இருக்கும். யூமாஸ்க்கை யார் மாற்றினார்கள் என்று தேடினால் பல இடம் பார்க்க வேண்டும்: லாகின் டெஃப்ஸ் என்ற அமைப்புக் கோப்பு, உள்நுழைவைக் கவனிக்கும் பேம் அமைப்பு, ஸ்கிரிப்டின் தலைப்பு வரிகள், சிஸ்டம்டி சர்வீஸாக (பின்னணிச் சேவையாக) ஓட்டினால் அதில் யூமாஸ்க் என்ற வரி. உங்கள் டெர்மினலில் யூமாஸ்க் என்று தட்டிப் பார்த்தது கிரானுக்கும் அப்படியே செல்லும் என்று எண்ண வேண்டாம். ஸ்கிரிப்டுக்குள்ளேயே யூமாஸ்க்கை அச்சிடும் ஒரு வரி சேர்த்து, அடுத்த நாள் லாகில் (பதிவுக் கோப்பில்) பாருங்கள். அது ஒன்றுதான் நம்பத்தகுந்தது.

உங்கள் ஸ்கிரிப்டை நான் பார்க்கவில்லை, அதனால் இதுவரை சொன்னது வலுவான ஊகம்தான். உறுதிசெய்ய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. இன்று 777 போட்ட பழைய பேக்கேஜ் கோப்பு ஒன்றைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். இரவு சிங்க் முடிந்தபின் காலையில் அதன் பர்மிஷனைப் பாருங்கள். இன்னும் 777 என்றால் மைனஸ் பி இல்லை; நான் சொன்ன கதைதான். 644-க்குத் திரும்பியிருந்தால் மைனஸ் பி ஓடுகிறது, யூமாஸ்க் மேல் பழி போட முடியாது. அப்போது வேறு பக்கம் தேட வேண்டும்.

அந்த வேறு பக்கத்துக்குப் போகும் முன், 403 என்று வந்தாலே பர்மிஷன் சிக்கல் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். என்ஜின்எக்ஸின் எரர் லாகைத் திறங்கள். அதில் அடைப்புக்குறிக்குள் 13 என்ற எண்ணும் பர்மிஷன் டினைடு என்ற சொல்லும் இருந்தால் லினக்ஸ் கெர்னலே மறுத்திருக்கிறது. அது உண்மையான அனுமதிச் சிக்கல். "டைரக்டரி இண்டெக்ஸ் ஆஃப் ... இஸ் ஃபர்பிடன்" என்று இருந்தால் பிரௌசரில் ஒரு ஃபோல்டரைத் திறந்து பார்த்திருக்கிறீர்கள், ஃபோல்டர் பட்டியலைக் காட்டும் ஆட்டோஇண்டெக்ஸ் அணைந்திருக்கிறது, அவ்வளவுதான். உபுண்டுவில் பேக்கேஜ்களை நிறுவும் ஏபிடிக்கு ஃபோல்டர் பட்டியலே தேவையில்லை. இன்ரிலீஸ் என்ற, கையொப்பமிட்ட முதன்மைப் பட்டியல் கோப்பிலிருந்து தொடங்கி முழு முகவரியோடுதான் ஒவ்வொன்றையும் கேட்கும். இந்த இரண்டாவது 403-ஐப் பார்த்துப் பயந்து 777 போட்டவர்கள் நிறையப் பேர். அப்பாச்சி என்ற வேறு வெப் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு மூன்றாவது வகையும் உண்டு. டெபியன், உபுண்டுவில் வரும் அப்பாச்சி அமைப்பில் வார் டபிள்யூடபிள்யூடபிள்யூ, யூஎஸ்ஆர் ஷேர் இரண்டுக்கும்தான் முன்கூட்டியே அனுமதி இருக்கும். மிரரை எஸ்ஆர்வி ஃபோல்டருக்குள் வைத்தால், அமைப்புக் கோப்பில் அந்த இடத்தைத் திறந்துவிடும் வரை எத்தனை சிஎச்மோட் போட்டாலும் 403தான். லாகில் "கிளையண்ட் டினைடு பை சர்வர் கான்ஃபிகரேஷன்" என்று வரும்.

லாகில் 13 இருக்கிறது, சிக்கல் உண்மையானது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து நேம்ஐ என்ற கட்டளை. மைனஸ் எல் சேர்த்து, மறுக்கப்பட்ட கோப்பின் முழுப் பாதையையும் கொடுத்தால், வேரிலிருந்து அந்தக் கோப்பு வரை வழியிலுள்ள ஒவ்வொரு ஃபோல்டரின் பர்மிஷனையும் உரிமையாளரையும் வரிசையாகக் காட்டும். உள்ளறை எவ்வளவு அகலத் திறந்திருந்தாலும் தெருக்கதவு பூட்டியிருந்தால் போக முடியாதில்லையா, ஃபோல்டரில் எக்ஸ் பிட் செய்யும் வேலை அதுதான். வழியில் ஒரே ஒரு ஃபோல்டரில் மற்றவர்களுக்கான எக்ஸ் இல்லையென்றாலும் அதற்குக் கீழே உள்ள 644 கோப்பைத் தொட முடியாது. மிரரை யாராவது ஒருவருடைய ஹோம் ஃபோல்டருக்குள் வைத்திருந்தால் இதுதான் முதல் சந்தேகம். உபுண்டு 21.04-இலிருந்து புதிதாக உருவாகும் ஹோம் ஃபோல்டர்கள் 750 ஆகத்தான் வருகின்றன. அதற்கு முன் 755. பழைய சர்வரில் ஓடிக்கொண்டிருந்த அதே அமைப்பு, புது சர்வருக்கு மாற்றியதும் 403 கொடுப்பதற்கு இது அடிக்கடி காரணமாகிறது. இங்கே ஹோம் ஃபோல்டரைத் திறந்துவிடுவதைவிட மிரரை எஸ்ஆர்வி போன்ற பொது இடத்துக்கு மாற்றுவதுதான் சரி. அந்த ஹோமில் எஸ்எஸ்ஹெச் சாவியும் இருக்கும், ஜிபிஜி சாவியும் இருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் குழப்பமாக இருந்தால் ஒரே ஒரு கட்டளை போதும்: வேறு பயனராகக் கட்டளை ஓட்ட உதவும் சூடோவுக்கு மைனஸ் யூ கொடுத்து, டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா பயனராக அந்தக் கோப்பின் முதல் சில பைட்டுகளைப் படித்துப் பாருங்கள். ரூட்டாக (எல்லா உரிமையும் உள்ள நிர்வாகப் பயனராக) படித்துப் பார்த்து "எனக்கு வருகிறதே" என்று சொல்வதில் பயனில்லை, உள்ளூர் வட்டில் ரூட்டுக்குப் பொதுவாக வரும். படிக்கப்போகிற பயனராகவே படித்துப் பார்க்க வேண்டும்.

சரி, திருத்தத்துக்கு வருவோம். மிரருக்கென்று தனிப் பயனர் ஒன்றை உருவாக்குங்கள். கோப்புகள் அனைத்தும் அவர் பெயரில் இருக்கட்டும், கிரானும் அவர் பெயரில் ஓடட்டும். டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா எந்தக் கோப்புக்கும் உரிமையாளராக இருக்க வேண்டாம். வெப் சர்வர் படிக்க மட்டுமே வேண்டும், எழுத வேண்டிய தேவை அதற்குக் கிடையாது. பிறகு ஆர்சிங்க் வரியில் மைனஸ் பி-யையும், கூடவே அதனுடைய சிஎச்மோட் என்ற நீள ஆப்ஷனையும் சேர்த்து, டி 755, எஃப் 644 என்று கமா போட்டு ஒட்டி எழுதுங்கள். டி என்பது ஃபோல்டருக்கு, எஃப் கோப்புக்கு. இரண்டையும் சேர்த்தே கொடுப்பது முக்கியம். இந்த ஆப்ஷன் "மூலத்திலிருந்து இந்த பர்மிஷன் வந்ததாக எண்ணிக்கொள்" என்று மட்டும்தான் சொல்கிறது. மைனஸ் பி இல்லாவிட்டால் பழைய கோப்புகளை அது தொடாது, புதியவற்றில் யூமாஸ்க் மறுபடி கை வைக்கும். இரண்டும் இருந்தால் யூமாஸ்க் குறுக்கே வராது. அடுத்த தடவை ஓடும்போது, உள்ளடக்கம் மாறாத பழைய கோப்புகளின் 777-உம் தானாக 644 ஆகிவிடும். மைனஸ் ஏ பயன்படுத்துவதாக இருந்தால் ஓனர், குரூப் இரண்டையும் நோ-ஓனர், நோ-குரூப் கொடுத்து அணைத்துவிடுங்கள். மூல சர்வரின் பயனர் எண்கள் உங்கள் சர்வரில் யாரையும் குறிக்காது.

அதற்கு முன் ஒருமுறை செய்ய வேண்டியது ஒன்று உண்டு: மொத்தத்தையும் மிரர் பயனர் பெயருக்கு மாற்றுவது. ஒருவருக்குச் சொந்தமில்லாத கோப்பின் பர்மிஷனையோ நேரத்தையோ அவரால் மாற்ற முடியாது, ரூட் தவிர. கையால் ஒருமுறை சூடோ போட்டு சிங்க் ஓட்டிவிட்டு, பிறகு கிரானில் சாதாரணப் பயனராக ஓட்டுபவர்களுக்கு வரும் தொல்லை இதுதான். ஆர்சிங்க்குக்குப் பதில் ஏபிடி-மிரர் என்ற மிரர் கருவியைப் பயன்படுத்துகிறவர்களிடம் இது இன்னும் அதிகம். அது டெபியனிலும் உபுண்டுவிலும் அதே பெயருள்ள தனிப் பயனராகக் கிரானில் ஓடும்படி வருகிறது. முதல் தடவை ஆர்வத்தில் சூடோ போட்டு ஓட்டினால் அது பேக்கேஜ்களைச் சேமிக்கும் ஸ்பூல் ஃபோல்டருக்குள் ரூட்டுக்குச் சொந்தமான கோப்புகள் நிறைந்துவிடும், அன்றிரவு கிரான் திணறும்.

ஆர்சிங்க் தரும் பிழைச் செய்தியை வைத்தே யார் பக்கம் கோளாறு என்று சொல்லிவிடலாம். "எம்கேஎஸ்டெம்ப் ... ஃபெயில்டு" என்றால் உங்கள் பக்கத்து ஃபோல்டரில் எழுத உரிமையில்லை. ஆர்சிங்க் புள்ளியில் தொடங்கும் தற்காலிகக் கோப்பு ஒன்றை அதே ஃபோல்டரில் உருவாக்கி, முழுவதும் வந்தபிறகுதான் பெயர் மாற்றும். அதனால் கோப்பின் பர்மிஷனைவிட ஃபோல்டரின் பர்மிஷன்தான் இங்கே பேசும். "ஃபெயில்டு டு செட் டைம்ஸ்" என்றால் கோப்பு வேறு ஒருவருக்குச் சொந்தம். "செண்ட்ஃபைல்ஸ் ஃபெயில்டு டு ஓப்பன்" என்றால் மறுமுனையில் இருக்கும் மூல மிரரிலேயே அந்தக் கோப்பைப் படிக்க முடியவில்லை. உங்கள் சர்வரில் எதை மாற்றியும் பயனில்லை, வேறு மிரருக்கு மாறுங்கள் அல்லது காத்திருங்கள். இப்படி ஏதாவது நடந்தால் ஆர்சிங்க் 23 என்ற எண்ணோடு வெளியேறும். ஸ்கிரிப்ட் அந்த எண்ணைக் கவனித்து நின்றுவிட வேண்டும். முதல் கட்டத்தில் பேக்கேஜ்கள், இரண்டாம் கட்டத்தில் பட்டியல் கோப்புகள் என்று பிரித்திருப்பதே, பட்டியலில் இருக்கும் பேக்கேஜ் நிச்சயம் வட்டிலும் இருக்க வேண்டும் என்பதற்காக. முதல் கட்டம் பாதியில் தோற்றும் இரண்டாம் கட்டம் ஓடினால் 403 போய் 404, அதாவது "கோப்பே இல்லை" என்ற பிழை, வரும்.

777 ஏன் கூடாது என்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் "உள் நெட்வொர்க்தானே" என்ற பதில் எப்போதும் வரும். அந்தச் சர்வரில் கணக்கு வைத்திருக்கும் யாரும், அதில் ஓடும் எந்த ஓட்டை நிரலும், ஆய்வகம் முழுவதும் ரூட்டாக நிறுவப்போகும் பேக்கேஜை மாற்றி எழுதலாம் என்று அதற்கு அர்த்தம். உபுண்டுவின் சொந்தக் களஞ்சியம் என்றால் இன்ரிலீஸ் கையொப்பமும் அதிலிருந்து தொடரும் ஹாஷ் சங்கிலியும் காப்பாற்றும். மாற்றிய பேக்கேஜை ஏபிடி ஏற்காது. ஆனால் அதே சர்வரில் நீங்களே கட்டிய பேக்கேஜ்களை டிரஸ்டட் யெஸ் (கையொப்பம் பார்க்காமல் நம்பு என்ற அமைப்பு) போட்டுக் கொடுத்தால் அந்தக் காவல் இல்லை. 777-ஐக் கண்டித்தவுடன் சிலர் எதிர்ப்பக்கம் போய் மொத்தத்துக்கும் சிஎச்மோட் மைனஸ் பெரிய ஆர் (உள்ளே உள்ள எல்லாவற்றுக்கும்) 644 போடுகிறார்கள். அது ஃபோல்டர்களின் எக்ஸையும் பிடுங்கிவிடும், எதுவும் திறக்காது. ஃபோல்டர்களுக்கும், ஏற்கெனவே எக்ஸ் உள்ள கோப்புகளுக்கும் மட்டும் எக்ஸ் தரும் பெரிய எழுத்து எக்ஸ் பயன்படுத்தச் சொல்வார்கள், பொதுவாக நல்ல யோசனைதான். ஆனால் உங்கள் கோப்புகள் ஏற்கெனவே 777. எக்ஸ் பிட் இருக்கும் கோப்புகளில் பெரிய எக்ஸ் அதை அப்படியே விட்டுவிடும். கையால் சரிசெய்வதாக இருந்தால் ஃபைண்ட் கட்டளையில் ஃபோல்டரைத் தனியாக, கோப்பைத் தனியாகப் பிரித்துப் போடுங்கள். ஜிபிஜி, எஸ்எஸ்ஹெச் சாவி உள்ள ஃபோல்டர்களை இந்த மொத்தச் சிஎச்மோட்டுக்குள் இழுத்துவிடாதீர்கள். எஸ்எஸ்ஹெச் சர்வர், பிறர் எழுதக்கூடிய ஹோமுக்குள் இருக்கும் சாவிக் கோப்பை நம்ப மறுக்கும்.

வெப் சர்வரே இல்லாமல், அதே கணினியில் ஃபைல் என்று தொடங்கும் முகவரியால் மிரரைப் படிக்கிறவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. ஏபிடி 1.1-இலிருந்து பேக்கேஜ்களை எடுக்கும் வேலை ரூட்டாக நடப்பதில்லை, அண்டர்ஸ்கோர் ஏபிடி என்ற உரிமை குறைந்த பயனராக நடக்கிறது. சூடோ போட்டுத்தான் ஏபிடியை ஓட்டினேன், எப்படி பர்மிஷன் இல்லாமல் போகும் என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். ஆர்ச் லினக்ஸிலும் 2024-இல் வந்த பேக்மேன் 7.0 (அதன் பேக்கேஜ் கருவி) இதே வழியில் ஏஎல்பிஎம் என்ற பயனரைக் கொண்டுவந்தது. உள்ளூர்க் களஞ்சியம் வைத்திருப்பவர்கள் ஃபோல்டர் பர்மிஷனைச் சரிசெய்ய வேண்டும் என்று ஆர்ச் அப்போது தனி அறிவிப்பே போட்டது. உபுண்டுவில் இதன் இன்னொரு முகம் கையொப்பச் சாவி. கீரிங்ஸ் ஃபோல்டருக்குள் சாவிக் கோப்பை 077 யூமாஸ்க்கோடு உருவாக்கினால் அது 600 ஆகிவிடும். அண்டர்ஸ்கோர் ஏபிடியால் அதைப் படிக்க முடியாது. வரும் பிழையோ "நோ பப்கீ", அதாவது சாவியே இல்லை என்று. சாவியை மறுபடி மறுபடி இறக்குவார்கள், கோப்பின் பர்மிஷனைப் பார்க்கத் தோன்றாது.

ராக்கி, அல்மா, ரெட்ஹாட் சர்வர்களில் ரெப்போசிங்க், கிரியேட்ரெப்போ என்ற கருவிகளை வைத்து மிரர் செய்கிறவர்கள், 755, 644 எல்லாம் கச்சிதமாக இருந்தும் 403 வந்தால் எஸ்ஈலினக்ஸ் (பர்மிஷனுக்கு மேல் இருக்கும் கூடுதல் பாதுகாப்பு அடுக்கு) கோப்புக்கு ஒட்டும் லேபிளைப் பார்க்க வேண்டும். எல்எஸ் கட்டளையில் பெரிய இசட் கொடுத்தால் தெரியும். வேறு இடத்தில் இறக்கிவிட்டு எம்வி கொண்டு நகர்த்திய கோப்புகள் பழைய லேபிளைச் சுமந்துகொண்டே வரும். செமேனேஜ் மூலம் அந்தப் பாதைக்கு வெப் உள்ளடக்க வகையைப் பதிவுசெய்து, ரெஸ்டோர்கான் ஓட்டினால் நிலைக்கும். எஸ்ஈலினக்ஸையே அணைத்துவிடும் அறிவுரையை ஏற்காதீர்கள்.

வெளி ஹார்டுடிஸ்கில் மிரர் வைத்திருக்கிறீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. எக்ஸ்ஃபேட், ஃபேட்32 வட்டுகளில் யூனிக்ஸ் பர்மிஷனே கிடையாது; மவுண்ட் செய்யும்போது கொடுக்கும் யூஐடி, எஃப்மாஸ்க், டிமாஸ்க் மதிப்புகள்தான் எல்லாவற்றுக்கும் பொது. சிஎச்மோட் அங்கே ஒன்றும் செய்யாது, சிம்லிங்க்கும் உருவாகாது. ஈஎக்ஸ்டி4 ஆக மாற்றுவதுதான் வழி. நெட்வொர்க் வழியே இன்னொரு சர்வரின் வட்டை இணைக்கும் என்எஃப்எஸ் என்றால் ரூட் ஸ்குவாஷை நினைவில் வையுங்கள்: உங்கள் ரூட் அங்கே போனதும் யாருமற்ற பயனராகிவிடுவதால், சூடோ போட்டால்தான் தோற்கும், சாதாரணப் பயனராக ஓட்டினால் வெற்றி பெறும். கடைகளில் வாங்கும் நாஸ் பெட்டிகள் (நெட்வொர்க் சேமிப்பகங்கள்) தங்களுக்கென்று வைத்திருக்கும் ஏசிஎல் (கூடுதல் அனுமதிப் பட்டியல்) முறைகளில் எனக்குக் கைப்பழக்கம் குறைவு. எல்எஸ் காட்டும் பர்மிஷனின் கடைசியில் கூட்டல் குறி தெரிந்தால் ஏசிஎல் இருக்கிறது, கெட்ஃபேசிஎல் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதுவரை உறுதியாகச் சொல்வேன். அதற்கு மேல் அந்தப் பெட்டியை நன்கு அறிந்தவரிடம் கேட்பது நல்லது.

இன்றிரவே பழைய கோப்புச் சோதனையைச் செய்துவிடுங்கள். மைனஸ் பி-யும் சிஎச்மோட் ஆப்ஷனும் சேர்த்த பிறகும் காலையில் 403 வந்தால் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: என்ஜின்எக்ஸ் எரர் லாகின் அந்த ஒரு வரி, அதே கோப்புக்கான நேம்ஐ வெளியீடு, ஸ்கிரிப்டில் இருக்கும் ஆர்சிங்க் வரி. சர்வர் பெயரையும் கடவுச்சொல்லையும் அழித்துவிட்டுப் போடுங்கள். அந்த மூன்றும் இருந்தால் அடுத்த பதிலை ஊகமாகச் சொல்ல வேண்டியிருக்காது.